வெயிலுக்கு வாடகை

"சோலார் பேனல் எங்களோடது, வெயில் கடவுளோடது. நீங்க மாசாமாசம் வாடகை கொடுத்தா போதும்க்கா!"

மொட்டை மாடித் தரையில் சாக்பீஸால் எட்டுக் கட்டங்கள் வரைந்துவிட்டு நிமிர்ந்தான் விற்பனைக்காரன். தையல்காரி ஒவ்வொரு கட்டமாகச் சுற்றி வந்தாள். மாடி அறையில் அவளுக்கு ஆறு மெஷின்கள். கரண்ட் பில் எகிறியதில் இரண்டு மெஷின்கள் மூன்று மாதமாக உறை போட்டுக் கிடந்தன. அவையும் ஓடினால்தான் பள்ளிச் சீருடை ஆர்டரை ஏற்க முடியும்.

ஆனால், மாடியில் எதை வைக்கவும் கீழ்வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். அவர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாடகைக்கே எடும்மா. சொந்தம்னா தலைவலி. வாடகைன்னா மாசம் பொறந்ததும் கொடுத்துட்டுக் காலை நீட்டித் தூங்கலாம்."

"தூங்கலாம்ணே. தம்பி, எத்தனை வருஷத்துக்கு வாடகை?"

"இருபது வருஷம்க்கா."

"பேனலோட ஆயுசு?"

"இருபத்தஞ்சு வரைக்கும் போகும்."

"அதையே விலைக்கு வாங்கினா, போட்ட காசு எப்போ திரும்பும்?"

அவன் சாக்பீஸைக் கைமாற்றினான். "ஒரு... ஏழு வருஷத்துல."

"அப்போ மிச்சம் பதிமூணு வருஷ வாடகை?"

"கம்பெனிக்குத்தான். ரிப்பேரெல்லாம் நாங்கதானே பாக்குறோம்!"

"என்ன ரிப்பேர்? என் மெஷின்லயாவது சக்கரம் சுத்துது, பெல்ட் தேயுது. பேனல்ல அசையுற சாமான் ஒண்ணுகூட இல்லையே?"

"இன்வெர்ட்டர் இருக்குல்ல? பத்து வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும். மத்தபடி... தூசி துடைக்கணும்."

"தூசி துடைக்கவா பதிமூணு வருஷ வாடகை? அதுக்கு நானே கம்பெனி ஆயிட்டுப் போறேன்!"

கீழ்வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "விரலுக்கேத்த வீக்கம் வேணும்மா!"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தரையில ஓட்டை போடாம நிறுத்த முடியுமா தம்பி?"

"கான்கிரீட் கட்டையைப் பாரமா வச்சு நிறுத்திடலாம். போல்ட்டைக் கழட்டினா வேற இடத்துக்கே தூக்கிட்டுப் போகலாம்."

"அப்ப வாங்கிடறேன்."

எம்பிராய்டரி மெஷினுக்கென்று நான்கு வருடமாகச் சேர்த்த பணம். அந்த மெஷினை மனசுக்குள் தள்ளிவைத்தாள். பிறகு நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்து போடுங்கண்ணே. என் மெஷின் போக மிஞ்சுற கரண்ட்ல உங்க மோட்டாரும் வாஷிங் மெஷினும் ஓடட்டும். தனி மீட்டர் வச்சுக்கலாம். இப்போ கட்டுற ரேட்ல பாதி கொடுத்தா போதும்."

'பாதி' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் பேனாவைத் தேடினார்.

மூன்றாவது வாரம் எட்டுப் பேனல்களும் வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன. ஆறு மெஷின்களும் தடதடத்தன. சீருடைத் துணி மூட்டைகளுக்கு அறையில் இடம் போதவில்லை. அன்று மாலை தையல்காரி கரண்டுக்கான ஒப்பந்தக் காகிதத்தோடு கீழே இறங்கிப்போய், கீழ்வீட்டுக்காரரின் முன் நின்று நிதானமாகப் படித்தாள்.

"மூணு மாச முன்பணம். அஞ்சாம் தேதியைத் தாண்டக் கூடாது. வருஷா வருஷம் ஏத்துவேன். என்னைக் கேக்காம சுவிட்சுல கை வைக்கக் கூடாது. சொந்தக்காரங்க வந்து தங்குறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடணும்."

"சொந்தக்காரங்க வர்றதையுமா? இது அநியாயம்மா!"

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தோணும்ணே," என்று பேனாவை நீட்டினாள்.

ஒன்பது வருடங்களாக ஆண்டுதோறும் இதே நிபந்தனைகளை அவளை நிற்கவைத்துப் படித்துக்காட்டிய வீட்டுச் சொந்தக்காரர், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.