துருப்பிடித்த மதகு

மலையடிவாரத்தில் மூன்று மதகுகளோடு ஓர் அணை இருந்தது. பக்கத்திலேயே ஒரு கிழட்டு டீசல் எஞ்சின் இருந்தது. பொழுது சாய்ந்ததும் மின்கம்பி இருவரிடமும் மின்சாரத்துக்கு விலை கேட்கும். குறைவாகச் சொல்பவரிடம் முதலில் வாங்கும். ஊருக்குப் போதாவிட்டால்தான் அடுத்தவரிடம் போகும். ஆனால் கடைசியாக யாரிடம் வாங்கியதோ, அவர் சொன்ன விலையையே எல்லோருக்கும் கொடுக்கும். அதுதான் அங்கே வழக்கம்.

அணை இரண்டு ரூபாய் சொல்லும், எஞ்சின் இருபது. அணையே போதுமென்பதால் எஞ்சினை யாரும் சீண்டுவதில்லை.

"ஒரு மதகை மூடிப் பாரேன்," என்றது எஞ்சின் ஒருநாள். "துருப்பிடிச்சிருச்சுன்னு சொல்லு. கம்பி என்கிட்ட வந்துதான் ஆகணும். எனக்கும் பிழைப்பு நடக்கும், உனக்கும் இருபது கிடைக்கும்."

அணைக்கு முதலில் மனசு வரவில்லை. கீழே குடிசை விளக்குகள் தன்னைப் பார்த்துக் கண்சிமிட்டுவது அதற்குப் பிடிக்கும். ஆனாலும் மூடியது. இருபது கிடைத்தது.

குடிசை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. கடைசி விளக்கு மட்டும் அணையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனது.

"இருபது ரூபாய்க்கு எங்க வீட்டுல வழியில்லைக்கா. போயிட்டு வரேன்."

மறுநாள் கம்பி வந்தது.

"வாங்க ஆள் குறைஞ்சுபோச்சு. உன் ரெண்டு மதகே போதும், எஞ்சின் வேண்டாம். இனி பழையபடி ரெண்டு ரூபாய்தான்."

அணை கீழே இருந்த இருட்டை ஒருமுறை பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமியது.

"சொல்ல மறந்துட்டேன். இன்னொரு மதகும் துருப்பிடிச்சிருச்சு."