கண்ணாடி மாட்டும் இடம்

"வாஷ்பேசின் குழாய்க்கு நேர் மேல கண்ணாடி மாட்டலாமான்னு கேக்கறாங்க."

வீட்டுக்காரர் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். இவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. திருகாணிதான்.

திருகாணி, அவர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த வரவேற்பாளர். ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறாள். கதவுக் கீல் கழன்றுவிட்டது, எந்தத் திருகாணி போடுவது என்று இரண்டு மாதத்துக்கு முன் முதன்முதலாகக் கூப்பிட்டாள். அன்றே இவள் அந்தப் பெயரை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஒரு வாரம் சமையலறைத் தொட்டியில் அடைப்பு. ஒரு வாரம் சாத்த வராத ஜன்னல். பழைய வீடு பாவம், அதுவும் எத்தனை தடவைதான் உடையும்?

இத்தனைக்கும் அவருக்கு இதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் அடிப்பார்.

தெரிந்தவள் இவள். பதினோரு வருடமாக ஹார்டுவேர் கடை கவுண்டரில் நிற்கிறாள். அங்கேயும் வருகிறவர்கள் இவளிடம் கேட்டுக்கொண்டு, சரிதானா என்று முதலாளி முகத்தைப் பார்ப்பார்கள். அதுகூடப் பழகிவிட்டது.

வீட்டில் நடப்பதுதான் பொறுக்கவில்லை. அவர் போனை மூடிக்கொண்டு வந்து கேட்பார். இவள் சொல்வாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்போதுதான் தனக்குத் தோன்றியது மாதிரி அதையே எடுத்துவிடுவார்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. பேர் மட்டும் அவருக்கு.

பேரோடு போனாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வரும். இவருக்குக் காது வரைக்கும் வாய் போகும். இன்று காலை குளித்துவிட்டு முகச்சவரம்கூடச் செய்துகொண்டார். போனில் பேசுவதற்குச் சவரம் செய்கிற ஆளை இவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் ஆகிறது. உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. இவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்வானேன்.

"என்னம்மா, மாட்டலாமா?"

மாட்டக் கூடாது. குழாய்க்கு நேர் மேலே சுவருக்குள் தண்ணீர் பைப் போகும். ஒரு சாண் தள்ளித்தான் ஓட்டை போட வேண்டும். டிரில் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், பாக்கி சில்லறை கொடுப்பதற்கு முன் இவள் சொல்லி அனுப்புவது இதைத்தான்.

இவள் சட்டைக் காலரை ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள்.

"தாராளமா. நேர் மேலயே போடச் சொல்லுங்க."

அவர் செருமிக்கொண்டு அப்படியே சொன்னார். கூடவே இருந்து வேலையை நடத்துகிறவர் மாதிரி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். டிரில் ஓடும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஞாயிறு அந்தச் சிரிப்பு தலையோடு காலாக நனையட்டும் என்று இவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

டிரில் நின்றது. ஒரு அலறல். பிறகு தண்ணீர் பீய்ச்சியடிக்கும் சத்தம்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இவளை என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை. அப்போதுதான் தேய்த்து வைத்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியைத் தேடினார்.

ஆக, இத்தனை நாள் போனோடு நின்றிருந்தவரை இவளே தேய்த்த சட்டை போட்டு அந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறாள்.

இவள் பாய்ந்து போனை எடுத்தாள். இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

"வாசல்ல தண்ணி மீட்டர் பக்கத்துல ஒரு வால்வு இருக்கும். அத இறுக்கமா மூடுங்க. ஓடுங்க."

ஈரத்தில் ஓடும் காலடிச் சத்தம். எதுவோ தட்டிவிடப்பட்டு உருண்டது. தண்ணீர்ச் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. அவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுவிட்டார்.

திருகாணி மூச்சு வாங்கிக்கொண்டு போனுக்குத் திரும்பி வந்தாள். அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள்.

"அக்கா, நின்னுடுச்சுக்கா. ஒருவழியா நீங்களே போன எடுத்தீங்களே."

இவளுக்குப் புரியவில்லை.

"சார் கைய வெச்சு மூடிக்கிட்டாலும் நீங்க சொல்றது எனக்குக் கேக்கும்க்கா. மொத நாள்லேருந்தே. உங்ககிட்ட நேரா பேசணும்னு கேக்கலாம்னா, சார் சங்கடப்படுவாரேன்னு விட்டுட்டேன். உங்க குரல் வர்ற வரைக்கும் நான் எதுலயும் கை வெக்கமாட்டேன்."

அவர் சாவியை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"இன்னிக்குக்கூட, குழாய்க்கு மேலயான்னு எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. நீங்களே போடலாம்னு சொன்னீங்க, அப்புறம் என்னன்னு தைரியமா போட்டேன்."

இவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"நான் எங்கக்கா தப்புப் பண்ணேன்?"

வழக்கம்போல வீட்டுக்காரரும் பதிலுக்காக இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.