வண்டி பார்க்க வந்தவர்

"ஏத்தத்துல போனா சூடாயிரும்ங்க. ரேடியேட்டர் மாத்தோணும்," என்றார் பாலகோபால், பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி.

மயில்சாமி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"இன்ஜின்ல ஆயில் கசியுது. கீழ பாருங்க, தரையெல்லாம் கறை. பிரேக்கை அழுத்தினா ஸ்டியரிங் ஆடும். பின்னாடி ஏசி வேலை செய்யறதில்ல. அடியில துரு ஏறிப்போச்சு. டீசல் வேற குடிச்சுத் தள்ளும்."

காபி கொண்டு வந்த மகள் சாய்ப்ரியாவுக்குச் சுருக்கென்றது.

எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டி அது. வாங்கிப் பல வருடமாகிவிட்டது. விற்பனைக்கு என்று நெட்டில் விளம்பரம் போட்டதே அவள்தான். காலையில் சரவணம்பட்டியிலிருந்து ஒருவர் துணைக்கு ஒரு ஆளோடு வந்து பார்த்துவிட்டு, போன் செய்வதாகச் சொல்லிப் போயிருந்தார். அவரிடம் அப்பா இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்களே பாத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மயில்சாமியை அவளுக்குத் தெரியும். அவருடைய அப்பா இவர்கள் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். மயில்சாமி சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"எம்புள்ள இனியா கோத்தகிரியில நர்ஸா இருக்குதுங்க. பேரன் பேத்தியோட எல்லாருமா ஒரே வண்டியில போய்ப் பாத்துட்டு வரலாம்னுதான்..." என்று இழுத்தார் மயில்சாமி.

"கோத்தகிரிங்களா? அப்ப நல்லா யோசிச்சுக்கங்க. இப்ப இருக்கற பிரேக்கை வெச்சுட்டு நானே மலை ஏத்த மாட்டனுங்க."

மயில்சாமியின் முகம் சுருங்கியது.

"ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரனுங்க," என்று போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் சாய்ப்ரியா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அவருக்குக் குடுக்க இஷ்டமில்லீன்னா நேராச் சொல்லிருங்கப்பா. எதுக்கு இப்படி விரட்டறீங்க?"

"யாரு விரட்டுனா?"

"காலைல வந்தவர்கிட்ட நீங்க மூச்சு விடலியே. தோட்டத்துல வேலை செஞ்சவரு பையன் நம்ம வண்டியில உக்காந்து போறது உங்களுக்குப் பொறுக்கல. அதானே?"

பாலகோபால் மகளைப் பார்த்தார். கோபப்படவில்லை. பானெட்டை மெதுவாக இறக்கி மூடினார்.

"காலைல அவரு கூட வந்த ஆளு மெக்கானிக் கண்ணு. அடியில படுத்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டுப் போனாரு. இவரு கூட யாரு வந்தா? நாந்தானே சொல்லோணும்?"

சாய்ப்ரியா காலி டம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள். அப்பாவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

மயில்சாமி திரும்பி வந்தார்.

"எடுத்துக்கறோமுங்க."

"இத்தன குறை சொன்னனே?" என்றார் பாலகோபால்.

"நாலஞ்சு எடத்துல வண்டி பாத்தமுங்க. எல்லாருமே ஒரு குறையும் இல்லீன்னுதான் சொன்னாங்க. கேக்கக் கேக்க எங்கூட்டுல பயந்துட்டாங்க. சொன்ன குறைய மெக்கானிக்கிட்ட விட்டுச் சரி பண்ணிப்போடலாம். சொல்லாத குறையோட புள்ளைகள ஏத்திக்கிட்டு மலை ஏற முடியுங்களா?"