வகுப்பறை வீடியோ

துபாயிலிருந்து விடுப்பில் வந்த மறுநாளே காஜா முகைதீன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

“டீச்சர், தினமும் பாடம் நடத்துததை வீடியோ எடுத்து பெத்தவங்க குரூப்புல போடுதிய. அங்கன இருந்து ஒண்ணு விடாம பாத்தேன். ஒண்ணுலயும் எம்மவ ரைஹானத்தைக் காணல. கிளாஸுக்கு வாராளா, ஊர் சுத்துதாளா?”

“ஒருநாள் கூட லீவு போட்டதில்ல, பாய்.”

“பொறவு எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?”

டீச்சர் சிரித்தார். “வீடியோ எடுக்கதே அவதான். எல்லாப் பீரியடும் அவதான் எடுக்கா. மத்த பிள்ளையளுக்குக் கை ஆடும்.”

காஜாவுக்கு மனம் குளிர்ந்தது. வகுப்பு வாசலில் நின்ற மகளைக் கூப்பிட்டார்.

“இன்னைக்கு என்னம்மா பாடம் நடந்துச்சு?”

“கணக்கு நாலு நிமிஷம், வாப்பா. அறிவியல்லதான் வெளிச்சம் பத்தல.”