செத்தவன் சிரிக்க வேண்டும்

“சிரிங்க சார்.”

அவன் சிரிக்கவில்லை.

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை மேக்கப்காரர் அவிழ்த்துவிட்டுப் போயிருந்தார். மூக்கில் பஞ்சு அப்படியே இருந்தது. நெற்றியில் பசை போட்டு ஒட்டிய ஒரு ரூபாய்.

கேமரா அவன் முகத்துக்கு நேராக நின்றது.

பிணமாக நடித்தவன் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். படத்தில் வராது. செத்ததாக நடித்தவனுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று ஒரு சாங்கியம். அது முடியாமல் யாரும் சாப்பிடப் போக மாட்டார்கள்.

இத்தனை வருடமும் சிரித்திருக்கிறான்.

மாரடைப்பில் செத்துச் சிரித்திருக்கிறான். லாரியில் அடிபட்டுச் சிரித்திருக்கிறான். வெட்டுப்பட்ட கழுத்தோடு பல் தெரியச் சிரித்திருக்கிறான். ஒரு தொடரில் மூன்று வருடம் மாலை போட்ட புகைப்படமாகச் சுவரில் தொங்கினான். மருமகள் வாராவாரம் அவன் முன்னால் நின்று சபதம் போட்டாள். அவன் பதில் சொல்ல வழியில்லை.

அதற்கு முன்னால் நாடகம். மேடையில் ஒன்றரை மணி நேரம் தனி ஆளாகப் பேசியவன். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். அந்தக் குரல் இதுவரை ஒரு படத்தில்கூட வந்ததில்லை.

வாய்ப்புக் கேட்டுப் போனால் எல்லா அலுவலகத்திலும் ஒரே பதில்தான். பேசி நடித்த கிளிப் இருந்தால் அனுப்புங்கள்.

பேச விட்டால்தானே கிளிப்.

இந்தப் படத்தில் ஒரு காட்சி இருந்தது. சாவதற்கு முன்னால் அப்பா, ஊரை விட்டுப் போன மகனுக்குப் போன் செய்கிறார். முக்கால் பக்க வசனம். அதற்காகத்தான் மறுபடியும் சாக ஒப்புக்கொண்டான். வீட்டில் பேசிப் பேசி அவன் மனைவிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

காலையில் இணை இயக்குநர் சுருளிவேல் காபியை நீட்டிக்கொண்டே சொன்னான். “சார், போன் சீனைத் தூக்கியாச்சு. லேக் அடிக்குதாம், படம் இழுக்குதாம். நேரா பெட்டிக்குப் போயிடலாம்.”

அவனும் போய்ப் படுத்துக்கொண்டான்.

அதுதான் அவனுக்கு ஆறவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டது.

கதாநாயகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். கண்ணாடியில் ஆவி படிந்தது. “சார், மூச்சு தெரியுது” என்று மைக்கில் கத்தினார்கள். மூச்சை அடக்கினான். மறுபடி கத்தினார்கள். மறுபடி அடக்கினான். உச்சி வெயில் ஏறும்வரை செத்தான்.

இப்போது சிரிக்க வேண்டுமாம்.

“சார், ப்ளீஸ். மொத்த யூனிட்டும் நிக்குது” என்றான் சுருளிவேல்.

“போன் சீனை எடுங்க. சிரிக்கிறேன்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது.

கதாநாயகன் கேரவனுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றான். இந்த விஷயத்தில் அவனுக்குப் பயம் அதிகம். பிணம் சிரிக்காமல் அடுத்த ஷாட்டுக்கு வர மாட்டான்.

பெட்டியின் பக்கத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள் பிலோமினா. பாதிப் படங்களில் அவனுக்கு அவள்தான் மனைவி.

“யோவ், சிரிச்சுத் தொலையேன்யா. உனக்குத் தாலியறுத்துத் தாலியறுத்து எனக்குக் கழுத்தே புண்ணாப்போச்சு. பசிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனைத் தவிர.

இயக்குநர் மானிட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அவன் மகன் வயதுதான் இருக்கும். ஒளிப்பதிவாளரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவன் தோளைத் தொட்டார்.

“எடுத்துரலாம் சார். உங்களுக்காக.”

எழுந்து உட்கார்ந்தான். மூக்கிலிருந்த பஞ்சை அவனே எடுத்தான். மாலையையும் அவனே கழற்றினான். யாரோ ஒரு போனைக் கையில் திணித்தார்கள். நாற்காலி வரவில்லை. ஒரு விளக்கும் நகரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே மகனுக்குப் போன் செய்யச் சொன்னார்கள்.

“ஆக்‌ஷன்.”

கேமராவைப் பார்த்தான். படம் பதிவாகும்போது அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும்.

எரியவில்லை.

பேசினான்.

முக்கால் பக்கத்தையும் பேசினான். ஒரு சொல் விடவில்லை. கூந்தலை அள்ளி முடியப் போன பிலோமினாவின் கை பாதியில் நின்றது. யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள்.

“கட். சூப்பர் சார்.”

கைதட்டினார்கள். சுருளிவேல் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினான். போனை வாங்கிக்கொண்டார்கள்.

“இப்ப சிரிங்க சார்.”

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒளிப்பதிவாளர் குனிந்து போகஸ் பார்த்தார். அவன் முகம் மட்டும். இத்தனை கிட்டத்தில் அவனை எந்தப் படத்துக்கும் எடுத்ததில்லை. வாசலிலிருந்து கதாநாயகன் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு ஷாட்டில் மட்டும், செத்தவன் சிரிக்கும்வரை யாரும் கட் சொல்ல மாட்டார்கள்.

அவன் லென்ஸைப் பார்த்தான்.

வெறுங்கையை மடக்கிக் காதில் வைத்துக்கொண்டான்.

“ஹலோ... தம்பி, அப்பா பேசறேன். ஒண்ணுமில்லப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்.”