ஏறாத வளையல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் மனைவி கோமதி, சம்பந்தி அம்மாள் செண்பகம், வளையல்காரர் மஸ்தான், மணையில் எங்கள் மருமகள் வடிவு, நாற்காலியில் நான். ஏழாம் மாத வளைகாப்பு. முதல் வளையலே விரல் முட்டியைத் தாண்டவில்லை.

"போன வாரம் நான் அளவெடுத்த கைதாம்மா இது," என்றார் மஸ்தான்.

"பிள்ளைத்தாச்சி கை அப்படித்தான் இருக்கும். எண்ணெய் போடுங்க மதினி," என்று செண்பகம் சிரித்தாள். கோமதி எண்ணெய் தடவினாள். வடிவு கையை இழுத்துக்கொண்டாள்.

"தலை இடிக்கு அத்தை. கண்ணுல பூச்சி பறக்கு. நர்ஸம்மா சொன்ன பிரஷர் இதுதான்."

"வளையல் போடாம எந்திரிக்கக் கூடாதுட்டி!" என்றாள் செண்பகம்.

"வளையல் நாளைக்கும் போடலாம்மா. நாளைக்கு நான் இருக்கணுமே."

பட்டுச் சேலையும் எண்ணெய்க் கையுமாகத் தெருவில் இறங்கி, அவளே ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் நூற்றெண்பது. அன்று மாலையே ஆபரேஷன் செய்து பேத்தியை எடுத்தார்கள். ஒன்றேகால் கிலோ. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். தையல் ஆறாத வயிற்றோடு வடிவு கண்ணாடிப் பெட்டியருகே நின்றாள். குழந்தை மூச்சை மறக்கும்போதெல்லாம், நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி, பாதத்தை விரலால் மெல்லச் சுண்டினாள். மூச்சு திரும்பியது. இருபத்திரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். பேத்தி வாய்விட்டு அழுதாள்.

பெரியவர்தான் ஆபத்தைக் கண்டுகொண்டு மருமகளை அனுப்பிவைத்தார் என்று தெருவில் பேசுகிறார்கள். தவறு. அவள் மணையை விட்டு எழுந்தபோது நானும் அவளை உட்காரத்தான் சொன்னேன்.