மூன்று பனியன்

"அம்மா, இன்னைக்கு நான் உள்ள வரக்கூடாது."

கோயில் வாசலில் வைத்து மஹாலக்ஷ்மி இப்படிச் சொன்னதும், பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ஆறுமுகத்தாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏட்டி, வீட்டுலயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று பெண்ணைப் பெற்றவள் பல்லைக் கடித்தாள்.

"அவங்க தனியாவா நிப்பாங்க? நான் துணைக்கு நிக்கேன். நீங்க பைய கும்பிட்டுட்டு வாங்க" என்று முந்திக்கொண்டான் மாப்பிள்ளை கைலாசம்.

"வந்த காரியம் வெளங்கினாப்லதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆறுமுகத்தாய் பெண்ணின் அப்பா அம்மாவோடு உள்ளே போனாள்.

கைலாசத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'ஆண்கள் சட்டை, பனியன் அணிந்து உள்ளே வரக்கூடாது' என்ற பலகையைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்த பிறகு பிடித்த வினை. பனியன் விளம்பரத்தில் ஒருவன் மார்பை விரித்துக்கொண்டு வருவான். மில் ஆபீஸ் கிளார்க் கைலாசமும் அதே பனியனை வாங்கினான். பனியன் வந்தது, மார்பு வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றைப் போட்டு, மேலே சட்டையும் போட்டால் ஓரளவு ஆள் மாதிரி இருந்தது. பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவும் அப்படி எடுத்ததுதான். சித்திரை வெயிலில் பாவம், வெந்துகொண்டிருந்தான்.

"அம்மா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்றான்.

"பரவால்ல. எனக்கு ஒண்ணும் இல்ல, பொய்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"பலகையப் படிச்சிட்டு நீங்க முழிச்ச முழி அப்படி. எங்க அண்ணன் நாலு பனியன் போடுதான், எனக்குத் தெரியாதா?"

கைலாசத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகைகூட வந்துவிடும் போலிருந்தது.

ஆறுமுகத்தாய் வெளியே வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். "சகுனமே சரியில்ல. இந்தப் பொண்ணு நமக்கு வேண்டாம்லே."

மஹாலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா. என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்லிருக்கு."

கைலாசம் சட்டையைக் கழற்றினான். பிறகு ஒரு பனியன். இன்னொன்று. மூன்றாவதும் போனதும் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. வாசல் பூக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப எல்லாரும் சேந்து உள்ள போவோம்" என்றான்.

ஆறுமுகத்தாய் பெண்ணின் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். சட்டையை எடுத்துக்கொண்டு மகனிடம் ஓடினாள்.

"மொதல்ல சட்டையப் போடுலே! அவுக வேண்டாம்னு சொல்லிறப் போறாக!"